நிழலைப் பார்த்து முகம் வரைதல்

இம்மலருக்கென நம் துறையின் பழைய நிழற்படங்களைத் திரட்டத் தொடங்கியபொழுது எதிர்பாராத இடர்ப்பாடு ஒன்று எழுந்தது. இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றி, ஓய்வு பெற்று, இன்று நம்மிடையே இல்லாத ஆசிரியப் பெருந்தகை ஒருவரின் தனிப்படம் எங்குத் தேடியும் கிட்டவில்லை. அவர் படம் எடுத்துக்கொள்வதை விரும்பாதவர். மார்க்கப் பேணுதலால் வந்த விருப்பமின்மை அது. விழா மேடையில் படக்காரர் கருவியைத் தூக்கினால், மறந்துபோன வேலை ஒன்று நினைவுக்கு வந்தவர்போல எழுந்து சென்றுவிடுவார். குடும்பத்தாரிடம் கேட்டோம். பழைய அடையாள அட்டை ஒன்றை எடுத்து வந்து காட்டினர். அதில் இருந்தது முகமன்று. மை கொட்டியது போன்ற ஒரு கறுப்புத் திட்டு.

எஞ்சியது ஒரே ஒரு குழுப்படம். விடைபெறும் இளங்கலை மாணவர்களோடு ஆசிரியர்கள் அமர்ந்து எடுத்துக்கொண்டது. மூன்று வரிசைகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர். முன்வரிசையின் இடக்கோடியில் அவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கு அடுத்த நாற்காலியில் நான். அவர் முகம் புளியங்கொட்டை அளவே இருக்கும். அதுவும் யாரோ அழைத்ததுபோலச் சற்றே திரும்பிய முகம்.

முகம் வரைவதில் நாட்டமுடைய மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், அப்படத்தைப் பார்த்துப் பெரிதாக வரைந்து தருவதாகக் கூறினார். மலர்க் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் உடனே கையமர்த்தினார். “உள்ள படத்தை அப்படியே போடுங்கள், பேராசிரியரே, தடையில்லை. கையால் வரைந்த முகம் வேண்டா,” என்றார். வேறோர் அன்பரோ, “வரைவதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? என் பேரன் கைப்பேசியில் ஒரு நொடியில் பெரிதாக்கித் தந்துவிடுவானே,” என்றார். ஒருவர் வரைதல் கூடாது என்றார். மற்றவர் வரைதல் தேவையில்லை என்றார். இவ்விருவர்க்கும் நடுவே, கையில் பென்சிலோடு நின்ற அம்மாணவரின் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பெரியவர் கூறியதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதைப் பழமைவாதம் என ஒதுக்குவோர் அவர் நின்று பேசும் தளத்தை அறியாதவர். உருவங்களை ஆக்குவோர், தாம் ஆக்கியவற்றுக்கு உயிரூட்டுமாறு மறுமையில் பணிக்கப்படுவர் என்னும் கருத்துடைய நபிமொழிகள் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளன. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறியபொழுது, வரைந்தே ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவர்கள் அறிவுறுத்திய செய்தியும் உண்டு. பிற்காலத்தில் நிழற்படக் கருவி வந்தபொழுது புதிய வினா எழுந்தது. எகிப்தின் முஃப்தியாக 1899 முதல் 1905 வரை விளங்கிய முஹம்மது அப்துஹு, வழிபாட்டின் அச்சம் நீங்கிய இடத்தில் படங்கள் அறிவைப் பேணும் கருவிகளே என்று எழுதினார். பின்னாளில் அதே பொறுப்பை வகித்த முஹம்மது பகீத் அல்முத்தீயீ வேறொரு வழியில் சிந்தித்தார். நிழற்படம் எடுப்பவர் எதனையும் படைப்பதில்லை. இறைவன் படைத்த உருவின் நிழலைப் பிடித்து நிறுத்துகிறார், அவ்வளவே என்பது அவர் வாதம். ‘ஒளிப்படம்’ என்று எழுதாமல் நான் இன்னும் ‘நிழற்படம்’ என்றே எழுதி வருவதற்கு, அரபு நாட்டு அறிஞரின் எண்ணமும் தமிழ்ச்சொல்லும் ஒரே இடத்தில் வந்து சேரும் இவ்வழகே காரணம். நம் நாட்டு உலமாப் பெருமக்களில் பலர் இவ்வாதத்தை ஏற்காமல், நிழற்படமும் உருவப்படமே எனக் கொண்டனர் என்பதையும் மறைத்தலாகாது.

ஆகவே, “நிழற்படம் ஆகும், கைவரைவு ஆகாது” என்று பெரியவர் சொன்னதில் முரண்பாடு இல்லை. நிழலைப் பிடிப்பது வேறு. விரலால் ஆக்குவது வேறு. தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. நான் தமிழ் கற்பிப்பவன். ஆயினும் ஒன்றை மட்டும் பணிவோடு கேட்க விழைகின்றேன். கண்டிக்கப்பட்டது, படைப்பில் இறைவனுக்கு நிகராக முனையும் செருக்கு எனின், ஒரு முகத்தை உள்ளவாறு வரையக் கற்கும் மாணவனிடம் அச்செருக்கு வளர்கிறதா, தேய்கிறதா? மூன்று மாதம் அருகிருந்து பார்த்தவன் என்ற முறையில், அது தேய்வதையே கண்டேன். வரைதல், வரைந்ததை வைத்திருத்தல், வரைந்ததைச் சுவரில் மாட்டிப் போற்றுதல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. மூன்றாவதைப் பற்றிய அச்சத்தால் முதலாவதை மூடிவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இனி அம்மாணவர் கற்ற முறையைச் சொல்ல வேண்டும். சுவையான பகுதி அதுதான்.

பலரும் செய்வதுபோலவே அவர் கட்டம் போட்டுத் தொடங்கினார். படத்தின் நகலில் சிறு கட்டங்கள், தாளில் பெரிய கட்டங்கள்; ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டை அப்படியே மாற்றி எழுதுதல். இது இழிவான வழியன்று. செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525 இல் வெளியிட்ட அளவையியல் நூலிலேயே உருவத்தைப் பார்த்து எழுதும் பொறிகள் காட்டப்பட்டுள்ளன. அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1967–68 இல் தம் முகத்தையே நிழற்படத்திலிருந்து கட்டங்கட்டமாக எடுத்து, ஏறத்தாழ ஒன்பதடி உயரத்தில் வரைந்தார். இதில் வியப்பு என்னவெனில், அவர் முகங்களை நினைவில் கொள்ள இயலாத குறைபாடு உடையவர். எதிரே நிற்கும் முகம் மறந்துபோகும். தட்டையான படமாகிவிட்டால் நினைவில் தங்கும் என அவரே கூறியுள்ளார். முகத்தை அறியவே அவர் வரைந்தார்.

நம் மாணவர் வரைந்த முதல் படமோ முகமூடிபோல் இருந்தது. கோடுகள் எல்லாம் உரிய இடத்தில்தான் இருந்தன, முகம்தான் இல்லை. காரணத்தை அவரே பின்னர் கண்டறிந்தார். கட்டத்திற்குள் தெரிந்ததை அவர் வரையவில்லை; ‘இது கண்’ என்று மனம் சொன்னதும், தாம் சிறுவயதில் பழகிய மீன்வடிவக் கண்ணை வரைந்துவிட்டார். உதட்டுக்கு ஒரு கோடு, மூக்குக்கு இரு புள்ளிகள். கை வரைந்தது படத்தையன்று, மனத்திலிருந்த குறியீடுகளை. இதற்கு மருந்தாகப் படத்தைத் தலைகீழாக வைத்து வரையும் பயிற்சி ஒன்றுண்டு. பெட்டி எட்வர்ட்ஸ் என்னும் ஆசிரியை 1979 இல் வெளியிட்ட நூலால் அது உலகெங்கும் பரவியது. தலைகீழான முகத்தில் மனம் கண்ணைத் தேடுவதில்லை. ஆதலின் உள்ள வடிவங்களை மட்டும் பார்க்கத் தொடங்குகிறது.

இந்த உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்தவர் நம் அறிவு மரபின் பேரறிஞர் இப்னுல் ஹைத்தம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்தவர். இருட்டறையின் சிறுதுளை வழியே ஒளி புகுந்து உருக்காட்டுவதை ஆராய்ந்தவர். நிழற்படக் கருவியின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால், அவர்தம் கிதாபுல் மனாழிர் என்னும் நூலில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பார்த்தல் என்பது கண்ணோடு முடிவதன்று. ஒப்பிடுதலும் உய்த்துணர்தலும் நினைவும் சேர்ந்தே காட்சி நிறைவுறுகிறது என்றும், ஒரு சில அடையாளங்களைக் கொண்டு விரைந்து அறிந்துகொள்ளும்பொழுது பிழை நேரும் என்றும் அவர் விளக்கினார். மீன்வடிவக் கண் வரைந்த மாணவரிடம் நேர்ந்தது அப்பிழையே.

அடுத்து அவர் தலையின் கட்டமைப்பைக் கற்றார். கண்கள் தலையின் உயரத்தில் ஏறத்தாழ நடுவில் அமைந்துள்ளன. தொடக்க நிலையினர் நெற்றியையும் உச்சியையும் பொருட்படுத்தாமல் கண்ணை மேலேற்றிவிடுகின்றனர். தொப்பியணிந்த தலையை வரையும்பொழுது இப்பிழை இரட்டிப்பாகும். தொப்பிக்குள் உச்சி மறைந்துவிடுவதால், தலையே அங்கு முடிந்துவிட்டதாக எண்ணிச் சிறுக்கிவிடுவர். ஐந்து கண்களின் அகலம் ஒரு தலையின் அகலம். புருவத்திற்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்டது காது. இவை சராசரி அளவைகள். ஒருவர் முகம் இவற்றிலிருந்து எங்கெங்கு விலகுகிறதோ, அங்கெல்லாம்தான் அவர் இருக்கிறார்.

பென்சில்களைப் பற்றி விரிக்கத் தேவையில்லை, ஹெச்.பி.யும் 2பி, 4பி, 6பி ஆகியவையும் போதும். விரலால் தேய்த்து மழுப்பும் பழக்கத்தை மட்டும் விடவேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை தாளைக் கெடுக்கும். அதைவிட, தெரியாத இடத்தைத் தெரிந்ததுபோல் காட்டும் துணிவையும் அது தரும். கண்ணின் வெள்ளை வெள்ளையன்று, சாம்பல் நிறமே என்பதைக் கண்ட நாளில் அவர் அடைந்த மகிழ்ச்சி பெரிது. தாடியை மயிர் மயிராக வரையாமல், ஒளிபடும் பகுதி, இருண்ட பகுதி எனத் திரளாகப் பார்க்கவும் பழகினார். வெண்தாடியின் நிழல் கழுத்தில் விழுவதால்தான் அது வெண்தாடியாகத் தோன்றுகிறது என்பதை அவர் சொல்லித்தான் நானும் கவனித்தேன்.

பிறகுதான் மெய்யான சிக்கல் வந்தது. நிழற்படம் பொய் சொல்லும் என்பதை அவர் கண்டுகொண்டார். கருவியை முகத்திற்கு மிக அருகில் பிடித்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுக்கும். கைந்நீட்டித் தம்மைத் தாமே படமெடுக்கும் இளைஞர் எல்லாரும் அறியாமல் சுமக்கும் குறை இது. அகன்ற காட்சிக்கண்ணாடியால் எடுத்த குழுப்படத்தில் ஓரத்தில் இருப்போரின் முகம் பக்கவாட்டில் விரிந்துவிடும். நம் ஆசிரியர் இருந்ததோ கோடியில். அப்படியானால் படத்தில் உள்ள அகலம் அவர் முகத்தின் அகலமன்று. எவ்வளவு குறைக்க வேண்டும்?

மாணவர் ஒரு நாள் மாலை நூலும் அளவுகோலும் கொண்டு என் அறைக்கு வந்தார். “ஐயா, படத்தில் அவர்களுக்கு அடுத்து இருப்பவர் நீங்கள், உங்கள் முகத்தை அளந்துகொள்ளலாமா?” என்று கேட்டார். என் முகத்தின் நீள அகலங்களை அளந்து, படத்தில் உள்ள என் முகத்தின் நீள அகலங்களோடு ஒப்பிட்டு, நான் எவ்வளவு விரிந்திருக்கிறேன் எனக் கணக்கிட்டார். கோடியில் இருந்தவர்க்கு என்னைவிடச் சற்றே கூடுதலாக விரிந்திருக்கும் எனக் கொண்டு திருத்தினார். முற்றும் பிழையற்ற முறை எனச் சொல்ல மாட்டேன். அன்றிருந்த என் கன்னம் இன்றில்லை. ஆனால், இத்தனை ஆண்டு ஆசிரியப்பணியில், ஒரு சான்றை இவ்வளவு பொறுப்போடு ஐயுற்ற மாணவரை நான் மிகுதியாகக் கண்டதில்லை. சுவடியில் ஏடெழுதுவோர் செய்த பிழையை வேறொரு பாடத்தோடு ஒப்புநோக்கிக் களையும் பதிப்பாசிரியரின் உழைப்பிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மற்றொரு குறை கண்கள். உச்சிவெயிலில் எடுத்த படமாதலின், புருவத்தின் கீழ் இருள் மட்டுமே இருந்தது. கண் இருக்குமிடம் தெரிந்தது, கண் தெரியவில்லை. அவரை அறிந்தவர்களிடமெல்லாம் மாணவர் சென்று கேட்டார். ஒருவர் சிறிய கண் என்றார். ஒருவர் பெரிய, கூரிய கண் என்றார். அவரிடம் வசை வாங்கியவர்க்குப் பெரிதாகத் தோன்றியிருக்கக்கூடும்! எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதையும் வரையவில்லை.

இவ்விடத்தில்தான் கைப்பேசியின் கதை வருகிறது. அன்பர் தம் வாக்கின்படியே பேரனிடம் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டு வந்தார். வியப்பான தெளிவு! இமைமயிர்கூட எண்ணத்தக்கதாக இருந்தது. மறைந்த ஆசிரியரின் மகளாரிடம் காட்டியபொழுது, அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவங்க யாரு?” என்று கேட்டார். இல்லாத இமையை எந்திரம் எங்கிருந்து பெற்றது? தான் பயின்ற பல்லாயிரம் முகங்களிலிருந்து, பொருந்தக்கூடிய ஒன்றை ஊகித்து வைத்தது. 2020 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பல்ஸ் என்னும் நிரல், மங்கலாக்கப்பட்ட பராக் ஒபாமாவின் படத்தைத் தெளிவாக்குமாறு பணித்தபொழுது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்து உலகளவில் விவாதத்திற்கு உள்ளானது. எந்திரம் பொய் சொல்ல எண்ணவில்லை. தெரியாது என்று சொல்ல அதற்குப் பயிற்சியில்லை. உருவத்தைப் படைப்பது என்பது எதுவென இன்று யாரேனும் என்னைக் கேட்டால், பென்சிலைக் காட்ட மாட்டேன்; இதைத்தான் காட்டுவேன். பெரியவர் அஞ்சிய செயலை, எவரும் தடை சொல்லாத கருவி ஒரு நொடியில் செய்து முடித்தது.

கையால் முகம் வரைதல் நம்மவர்க்குப் புதிதன்று. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், பாரசீகத்தின் ஷா அப்பாஸிடம் 1613 இல் தூதுக்குழு அனுப்பியபொழுது, அம்மன்னரின் முகத்தை உள்ளவாறு எழுதி வருமாறு பிஷன் தாஸ் என்னும் ஓவியரையும் உடன் அனுப்பினார். ஒப்புமை எழுதுவதில் இணையற்றவர் எனத் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரைப் பாராட்டவும் செய்தார். அரசர் செய்தது மார்க்கச் சான்றாகாது என்பது எனக்குத் தெரியும். பார்வையின் நேர்மையை மதித்த ஓர் அவை இருந்தது என்பதற்காகவே இதைக் கூறினேன். மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. பார்ப்பவர் கண்ணுள் தம் தொழிலை நிறுத்துவோர் என்பது நச்சினார்க்கினியர் தரும் பொருள். அம்மாணவரின் தொழிலோ, முதலில் தம் கண்ணுள்ளேயே நிகழ்ந்தது.

கல்லூரிப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் சிறியது. தேர்வுக்கு வாராத ஒரு மணி நேரம் வாரந்தோறும் வேண்டும். வடக்கு நோக்கிய சாளரமுள்ள ஓர் அறை வேண்டும். 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியின் வழிவந்த அரசு கவின்கலைக் கல்லூரியிலும், கும்பகோணத்துக் கவின்கலைக் கல்லூரியிலும் பயின்றோர் பலர் உளர்; அவர்களுள் ஒருவரை அழைக்கலாம். உயிருள்ளவற்றை வரைய மனம் ஒப்பாத மாணவர், கூசாவையும் மரத்தையும் மடிப்பு விழுந்த துணியையும் வரையட்டும். ஒளியும் நிழலும் அளவும் அங்கேயே கற்கக் கிடைக்கின்றன. ஒருவர் பேணுதலை மற்றவர் எள்ளாமல் ஒரே அறையில் இருவரும் இருக்க இயலும். நிழற்படத்தைப் பார்த்து முகம் வரைய விரும்புவோர் அதை அரைகுறையாகக் கைப்பேசியில் பழகிக்கொள்வதைவிட, ஆசிரியர் முன்னிலையில் முறையாகக் கற்பதே நன்று.

மாணவர் வரைந்து முடித்த படம் இம்மலரில் இடம்பெறவில்லை. உள்ள குழுப்படமே, உள்ளபடியே அச்சாகியுள்ளது. பெரியவரின் சொல்லுக்காக மட்டும் இம்முடிவை எடுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கருவியின் முன்னிருந்து எழுந்து சென்ற ஒருவரை, எழுந்து செல்ல இயலாத நிலையில் அச்சேற்ற எனக்கும் மனம் வரவில்லை. மாணவர் வருந்துவார் என எண்ணினேன். அவர் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு ஆசிரியரின் இல்லத்திற்குச் சென்றார்.

மகளார் அதைச் சாளரத்தின் அருகே கொண்டுசென்று பார்த்தார். திரும்பிய கன்னம், தொப்பியின் விளிம்பு, தாடியின் கீழ்க் கழுத்து நிழல் எல்லாம் தெளிவாக இருந்தன. புருவத்தின் கீழ் மட்டும் 6பி பென்சிலின் மெல்லிய இருள். அதற்குள் ஒன்றும் வரையப்படவில்லை.

“கண்ணு தெரியல,” என்றார். பிறகு, “ஆனா அத்தாதான்,” என்றார்.

படத்தை மாட்டவில்லை. அவர் அமர்ந்து படித்த மேசையின் இழுப்பறையில், பாடக்குறிப்புகளோடு வைத்துக்கொண்டனர்.

வரும் வழியில், என்னை அளந்தபொழுது வரைந்து பார்த்த பயிற்சித்தாளைத் தருமாறு மாணவரிடம் கேட்டேன். மறுத்துவிட்டார். இடக்காது இன்னும் சரியாக அமையவில்லையாம். அடுத்த வாரம் மீண்டும் வந்து அமர வேண்டுமாம்.